நான் கைவிட்ட இணையதளத்தில் இன்னொருவர் மோசடி செய்கிறார்; பழி என்மேல் விழுமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக

திருப்பூர் மாவட்டத்திலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கோவையில் பொறியியல் படித்தபோது, 2018இல், விடுதி நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு மொபைல் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்குத் தமிழில் ரசிகர் இணையதளம் தொடங்கினார். விளையாட்டின் பெயரையும் 'தமிழ்' என்ற சொல்லையும் சேர்த்து டாட் காம் முகவரி வாங்கினார்கள். விளையாடும் நுணுக்கங்கள், வரைபடங்கள், வாராந்திரச் செய்திகள் என்று எழுதினார்கள். விளையாட்டை நடத்தும் வெளிநாட்டு நிறுவனமே தன் ரசிகர் தளங்களின் பட்டியலில் இவர்களுக்கு இணைப்புக் கொடுத்தது. கொஞ்சம் விளம்பர வருமானம் வந்தது. திருப்பூர்க்காரர் என்பதால் தள முகவரியையும் விளையாட்டின் சின்னத்தையும் அச்சிட்டு நூறு டி-ஷர்ட் அடித்து நண்பர்களிடையே விற்றும் இருக்கிறார்கள்.

படிப்பு முடிந்ததும் ஒருவர் பெங்களூருக்குப் போனார், இவர் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 2022க்குப் பிறகு தளத்தை யாரும் கவனிக்கவில்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் பெங்களூர் நண்பரின் பழைய மின்னஞ்சலுக்குப் போயின. 2024இல் டொமைன், அதாவது அந்த இணைய முகவரியின் பதிவு, காலாவதியானது. இந்தக் கோடை விடுமுறையில் அதே முகவரியில் தளம் மறுபடி முளைத்திருக்கிறது. இவர்கள் எழுதிய கட்டுரைகள், இவருடைய படத்துடன் கூடிய 'எங்களைப் பற்றி' பக்கம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மேலே மட்டும் நிறுவனத்தின் சின்னமும் 'அதிகாரபூர்வ தமிழ் மையம்' என்ற வரியும் சேர்ந்துள்ளன. பாதி விலையில் டயமண்ட் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு) டாப்-அப், இலவச ஸ்கின் (விளையாட்டுப் பாத்திரத்துக்கான அலங்காரத் தோற்றம்), உள்ளே நுழைய விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல், பணம் கட்ட ஒரு க்யூஆர் கோடு.

இவருடைய பெரியம்மாவின் பேரன், ஒன்பதாம் வகுப்பு, 14 வயது, அதில் மாட்டிக்கொண்டான். மாமாவின் பழைய டி-ஷர்ட்டை வீட்டில் போட்டுக்கொண்டு திரிபவன். அதன் முதுகில் இருந்த முகவரியைத்தான் தட்டச்சு செய்திருக்கிறான். ஈரோட்டு மண்டியில் மஞ்சள் விற்று அவனுடைய அம்மிச்சியின், அதாவது அந்தப் பெரியம்மாவின், கணக்குக்கு வந்திருந்த பணத்தில் 38,500 ரூபாய் ஒரே மாலையில் மூன்று தவணையாகப் போய்விட்டது. கடைசித் தவணைக்கு 'சரிபார்ப்பு' என்று கேட்டதும் ஓடிபியையும் கொடுத்துவிட்டான். "உன்ற சைட்டுன்னு நம்பித்தான கண்ணு பையன் பணத்தைக் கட்டுனான்" என்று பெரியம்மா கேட்டது இவருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. இதற்கிடையே, 85,000 ரூபாய் கொடுத்தால் டொமைனைத் திருப்பித் தருவதாக ஒரு மின்னஞ்சல் வந்துள்ளது.

டொமைனை மீட்க முடியுமா, போலீஸ் தன்னைப் பிடிக்குமா, விளையாட்டு நிறுவனம் தன்மீது வழக்குப் போடுமா, பெரியம்மாவின் பணம் திரும்புமா என்று கேட்கிறார். தளத்தையே முடக்கித் தருவதாக ஒரு நண்பர் சொல்கிறாராம். அதைச் செய்யலாமா என்பது கடைசிக் கேள்வி.

ஆலோசனை

அன்புள்ள தம்பிக்கு,

பணம் போன விஷயத்தில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்பதால், உங்கள் கடிதம் வந்த அன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லித் தனியாகத் தகவல் அனுப்பியிருந்தோம். அழைத்துவிட்டதாகவும் ஒப்புகை எண் கிடைத்ததாகவும் பதில் எழுதியிருக்கிறீர்கள், நல்லது. மற்ற கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் முழுக்க ஓர் எண்ணம் ஓடுகிறது: என் பெயரை எவனோ பிடுங்கிக்கொண்டான், அதை மீட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று. நான் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024க்குப் பிறகு அந்தப் பெயர் உங்களுடையது அல்ல என்பதே இன்று உங்களைக் காக்கும் உண்மை. அதை மீட்க அலைவதை நிறுத்திவிட்டு, அது எந்தத் தேதியில் உங்கள் கையை விட்டுப் போனது என்பதற்கு ஆதாரம் திரட்டுவதில் இறங்குங்கள். பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலும், போலீசுக்குச் சொல்ல வேண்டிய பதிலும், அந்த நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதமும் அந்த ஒரு தேதியிலிருந்துதான் தொடங்குகின்றன.

டொமைன் யாருக்குச் சொந்தம்?

டொமைனைப் பணம் கொடுத்து 'வாங்கினோம்' என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது ஆண்டுக் கணக்கில் கிடைக்கும் பதிவு உரிமை. வாரச் சந்தையில் கடை போடும் உரிமையை ஓராண்டுக்கு ஏலம் எடுத்தவர் அடுத்த ஆண்டு பணம் கட்டவில்லை என்றால் அதே இடத்தில் வேறொருவர் கடை விரிப்பார். பழையவருக்கு அந்த மண்ணின்மேல் பாத்தியதை இல்லை. இதுவும் அப்படித்தான். டாட் காம் போன்ற பெயர்களுக்கு, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான ஐந்து நாளுக்குள் இன்னொரு முறையும் பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று, டொமைன் முறையை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு விதித்திருக்கிறது. அதன் பிறகு 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம். பதிவு நீக்கப்பட்டால் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள், இறுதியாக ஐந்து நாள் காத்திருப்பு, பிறகு முந்தியவருக்குப் பெயர். நீங்கள் புதுப்பிக்காமல் விட்டுக் காலாவதியான பெயர் என்பதால், அதை இன்னொருவர் தன் பெயரில் எடுத்துக்கொண்டது மட்டும் குற்றமாகாது. அந்தப் பெயரை வைத்து அவர் செய்யும் காரியம்தான் குற்றம்.

பெயரை உருவாக்கியதே தாங்கள்தான், ஆகவே வணிக முத்திரை உரிமை தங்களுக்கு உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதில் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டொமைன் பெயருக்கும் முத்திரைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது மெய். ஆனால் உங்கள் முகவரியில் எடை உள்ள சொல் விளையாட்டின் பெயர், அது நிறுவனத்தின் முத்திரை. கூட ஒட்டிய 'தமிழ்' யாருக்கும் தனிச்சொத்து ஆகாது. ஆகவே பெயரை மீட்கும் வழக்கில் வாதி ஆகும் தகுதி அந்த நிறுவனத்துக்கு உண்டு, உங்களுக்கு இல்லை.

நிறுவனம் நினைத்தால் 1999 முதல் நடைமுறையில் உள்ள யுடிஆர்பி என்ற நடுவர் முறைக்குப் போகலாம். பெயர் தன் முத்திரையோடு குழப்பும்படி ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, அவர் அதைத் தீய நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் காட்ட வேண்டும். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒற்றை நடுவர் விசாரிக்க, ஐந்து பெயர்கள் வரை 1,500 அமெரிக்க டாலர் கட்டணம். சுமார் இரண்டு மாதத்தில் முடியும். பெயரை ரத்து செய்யலாம் அல்லது நிறுவனத்துக்கு மாற்றலாம், அவ்வளவுதான். இழப்பீடு கிடைக்காது, உங்கள் கைக்குப் பெயர் வரவும் வராது.

தேதியை எப்படி நிறுவுவது?

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள், ஏனெனில் உங்களுக்குச் சிக்கல் வரக்கூடிய இடம் இதுதான். பதிவு விவரத் தேடலில் 'உருவாக்கிய தேதி' இன்னும் 2018 என்றே காட்டுவதாகவும், அதனால் குழம்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெயர் முற்றிலும் நீக்கப்பட்டுப் புதிதாகப் பதிவாகியிருந்தால் புதிய தேதி விழுந்திருக்கும். ஆனால் பல பதிவு நிறுவனங்கள் காலாவதியான பெயரை நீக்கும் வரை காத்திருப்பதில்லை. சலுகைக் காலத்திலேயே ஏலத்தில் விட்டு, வென்றவர் கணக்குக்கு மாற்றிவிடுகின்றன. அப்படிக் கைமாறும்போது பழைய தேதி அழிவதில்லை. புதிய உரிமையாளரின் பெயரோ தனியுரிமைச் சேவைக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஒரு புலனாய்வு அதிகாரி மேலோட்டமாகப் பார்த்தால், 2018 முதல் ஒரே ஆள் நடத்தும் தளம் போலவும், 'எங்களைப் பற்றி' பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான் அந்த ஆள் போலவும் தோன்றும்.

இதற்கு மறுப்பு பெங்களூர் நண்பரிடம் இருக்கிறது. பதிவுக் கணக்கு அவர் மின்னஞ்சலில் இருந்ததால் பதிவு நிறுவனம் அவருக்குத்தான் பதில் சொல்லும். காலாவதி நினைவூட்டல்களைத் தலைப்புத் தகவல்களோடு (மின்னஞ்சல் எங்கிருந்து, எப்போது வந்தது என்று காட்டும் பகுதி) முழுமையாகச் சேமிக்கச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் பதிவு காலாவதியானது, எந்தத் தேதியில் வேறு கணக்குக்கு மாறியது என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கடைசியாகப் பணம் கட்டிய வங்கி அறிக்கையை நீங்கள் எடுத்து வையுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் தளத்தின் பழைய நகல்கள் தேதியோடு இருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் கடைசிப் பக்கம், இடையில் தளம் செத்துக்கிடந்த காலம், மீண்டும் முளைத்த நாள் ஆகிய மூன்றும் அங்கே தெரிந்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது முகவரிப் பட்டையும் தேதியும் தெரியும்படி எடுங்கள். 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 63இன்படி மின்னணு ஆதாரத்தைச் சான்றிதழோடுதான் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய முடியும். அதில் ஒரு பகுதியில் கருவியை வைத்திருப்பவரும், மற்றொன்றில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். அதனால் பையன் பயன்படுத்திய கைபேசியை ஃபார்மட் செய்யாதீர்கள், விற்காதீர்கள், கோபத்தில் உடைக்கவும் விடாதீர்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, மூவரும் அந்த டொமைனின் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். டொமைன் யாரிடம் இருக்கிறதோ, அந்த முகவரிகளுக்கு வரும் கடிதங்களையும் அவரே பெற முடியும். விளையாட்டுக் கணக்கு, சமூக ஊடகம், வேலை தேடும் தளம் என எதிலாவது அந்தப் பழைய முகவரியை மீட்பு முகவரியாகக் கொடுத்திருந்தால், 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று ஒரு சொடுக்கு, உங்கள் கணக்கு அவருடையது. இன்றைக்கே ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றுங்கள்.

இரண்டாவது, பழைய பக்கங்களை அப்படியே நகலெடுத்தவர், அவற்றில் பொதிந்திருந்த உங்கள் விளம்பரக் கணக்கின் எண்ணையும் சேர்த்தே நகலெடுத்திருக்கலாம். அப்படியானால் மோசடித் தளத்தில் தெரியும் விளம்பரத்தின் காசு உங்கள் கணக்கில் விழும். பத்து ரூபாயாக இருந்தாலும் அதற்கு விளக்கம் சொல்வது கடினம். விளம்பரக் கணக்கைத் திறந்து அந்தத் தளத்தை நீக்குங்கள், நீக்கியதற்கான பதிவையும் எடுத்து வையுங்கள்.

போலீஸ் பயம்

ஏமாற்றுதல் என்பதற்குத் தொடக்கத்திலிருந்தே வஞ்சக நோக்கம் இருக்க வேண்டும். குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318 ஏமாற்றுதலையும், 319 ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் சொல்கின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 66டி, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. தளம் நடத்துபவர் இவற்றுக்குள் வருவார். புதுப்பிக்க மறந்துபோனவர் வரமாட்டார். கவனக்குறைவை இந்தப் பிரிவுகள் தண்டிப்பதில்லை.

அதற்காக, உங்களை யாரும் கூப்பிடவே மாட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். படமும் பெயரும் பக்கத்தில் இருக்கும்போது கூப்பிடாமல் இருந்தால்தான் வியப்பு. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 94இல் ஆவணம் கேட்டோ, 179இல் சாட்சியாகவோ, 35(3)இல் விசாரணைக்கு வரச் சொல்லியோ அறிவிப்பு வரலாம். எது வந்தாலும் எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், ஒரு வழக்கறிஞருடன் போங்கள். 35(3) அறிவிப்புக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிறவரை, கைது அவசியம் என்பதற்கான காரணத்தை அதிகாரி பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டையோடு தோன்றி 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று யாராவது மிரட்டினால் துண்டித்துவிடுங்கள்; அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை. ஒருமுறை ஏமாந்த குடும்பத்தின் எண் அடுத்த கும்பலின் கைக்குப் போவதும் உண்டு.

அவர்கள் கூப்பிடும் வரை காத்திராமல் நீங்களே புகார்தாரராகப் போவதுதான் என் யோசனை. உங்கள் படமும் பெயரும் அனுமதியில்லாமல் மோசடிக்குப் பயன்படுகின்றன, நீங்களும் பாதிக்கப்பட்டவர். பெரியம்மா குடும்பத்தின் புகார் தனி, உங்களுடையது தனி. இரண்டையும் மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுங்கள், ஒன்றில் மற்றதைக் குறிப்பிடுங்கள். எல்லை எங்களுடையது அல்ல என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது; நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173 அதற்கு இடம் கொடுக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாக்குமூலத்துக்கு அம்மிச்சியையும் பேரனையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வேண்டுமோ என்று பெரியம்மா வீட்டில் தயங்குகிறார்களாம். பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட பையன்களையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தில் வைத்துத்தான் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் பிரிவு 179 சொல்கிறது. இந்தத் தயக்கத்தால் புகாரைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பெரியம்மாவின் பணம்

ஓடிபியை நாமே கொடுத்துவிட்டோம், இனிப் புகார் கொடுத்து என்ன பயன் என்று பையனின் அம்மாவான உங்கள் அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. வாடிக்கையாளர் தானே ரகசிய விவரத்தைக் கொடுத்து ஏமாந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது என்பதே ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையின் விதி. தெரிவித்த பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. ஆனால் வங்கி ஈடு கட்ட வேண்டுமா என்பது ஒரு கேள்வி, போன பணம் வழியில் எங்காவது நிற்கிறதா என்பது வேறு கேள்வி. 1930இல் புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை வைத்திருக்கும் வங்கிக்குத் தகவல் போய், மீதி இருக்கும் தொகை முடக்கப்படும். முடக்கப்பட்டது தெரிந்தால், அதை விடுவிக்கக் கோரி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 503இன் கீழ் மனுச் செய்யலாம். எடுத்துப்போய்விட்டார்கள் என்றால் கிடைப்பது அரிது. இதில் ஆசை காட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை.

கிளையில் வாய்மொழியாகச் சொன்னது போதாது. மூன்று பரிமாற்றங்களின் எண்ணையும் நேரத்தையும் எழுதி, 1930 ஒப்புகை எண்ணையும் சேர்த்து மனுவாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கச் சொல்லுங்கள். 30 நாளில் தக்க பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஓடிபி கொடுத்த தவணையையும் மற்ற இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடாமல் தனித்தனியாக எழுதுங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வர வேண்டிய கட்டாயம் இல்லை.

பையனை மிரட்ட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். முகவரி பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்ததால் நம்பினேன் என்கிறான். நீங்களும், பூட்டு இருந்ததால் நிறுவனமே தளத்தை எடுத்து நடத்துகிறதோ என்று ஒரு கணம் நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் அந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகின்றன. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு உத்தரவாதம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் யோக்கியரா என்பதற்கு அல்ல. இந்த விளையாட்டுகளின் சூழலே குழப்பமானது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, எது அதிகாரபூர்வமான தளம், எது இல்லை என்று பெரியவர்களே தடுமாறினார்கள்.

தளத்தை இறக்கும் வழிகள்

உங்கள் கையில் டொமைன் இல்லை, ஆனால் கட்டுரைகள் இருக்கின்றன. நீங்கள் எழுதிய எழுத்துக்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்களே உரிமையாளர். பதிவு செய்திருக்கத் தேவையில்லை, டொமைன் காலாவதியானதால் அந்த உரிமை காலாவதி ஆவதுமில்லை. தளம் இயங்கும் சர்வர் நிறுவனம் அமெரிக்காவினுடையது என்கிறீர்கள். அந்நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டமான டிஎம்சிஏவின் கீழ் நீக்கக் கோரும் அறிவிப்பு அனுப்பலாம், அதையே தேடுபொறிக்கும் அனுப்பலாம். நீங்களே எழுதிய கட்டுரைகளை மட்டும் குறிப்பிடுங்கள். நண்பர்கள் எழுதியவற்றுக்கு அவர்கள் தனியே அனுப்பட்டும், விளையாட்டுக் காட்சிப் படங்களை விட்டுவிடுங்கள், அவை நிறுவனத்தினுடையவை. பொய்யாக உரிமை கோரினால் அது உங்கள்மேலேயே திரும்பும். அறிவிப்பில் உள்ள உங்கள் பெயரும் முகவரியும் எதிராளிக்குப் போகக்கூடும் என்பதால் வழக்கறிஞர் அலுவலக முகவரியைக் கொடுப்பது நல்லது.

இதைவிட வேகமான வழி பதிவு நிறுவனத்துக்கு நேரடிப் புகார். கடவுச்சொல் திருடும் பக்கம் என்பதற்குத் தக்க ஆதாரத்தோடு புகார் வந்தால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஐகான் ஒப்பந்தம் 2024 ஏப்ரல் முதல் பதிவு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. 'இது என் பழைய தளம், திருப்பிக் கொடுங்கள்' என்று எழுதினால் அதை உரிமைத் தகராறு என்று ஒதுக்கிவிடுவார்கள். 'இந்த முகவரியின் இந்தப் பக்கம் இந்த விளையாட்டின் உள்நுழைவுப் பக்கத்தைப் போலி செய்து கடவுச்சொல்லைச் சேகரிக்கிறது' என்று, படத்தோடு, தேதியோடு, காவல் புகார் எண்ணோடு எழுதுங்கள். உலாவிகள் சிவப்பு எச்சரிக்கை காட்டுவதற்குக் கூகுளின் பிஷிங் புகார்ப் படிவத்தையும் நிரப்புங்கள்.

பிறகு விளையாட்டு நிறுவனம். அவர்கள் வழக்குப் போடுவார்களோ என்று அஞ்சி இதுவரை எழுதாமல் இருக்கிறீர்கள். முத்திரையைப் பெயரில் வைத்து, விளம்பரமும் போட்ட தளம் முற்றிலும் இலாப நோக்கற்ற ரசிகர் தளம் என்று வாதிடக் கொஞ்சம் சிரமப்படும். சின்னம் அச்சிட்டு விற்ற டி-ஷர்ட்டுக்கு அந்த வாதம்கூட இல்லை. ஆயினும் அவர்களே பட்டியலில் இணைப்புக் கொடுத்து ஏற்றுக்கொண்ட தளம், என்றோ நின்றுபோனது, இன்று அவர்களுக்குத் தலைவலி வேறொருவர். இந்த நிலையில் உங்கள்மேல் வழக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்றே மதிப்பிடுகிறேன். எழுதாமல் இருந்தால்தான், பிற்பாடு, தெரிந்தும் மௌனமாக இருந்தார் என்று சொல்ல இடம் உண்டாகும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை நடத்தினீர்கள், எப்போது பதிவு காலாவதியானது, இன்று அங்கே என்ன நடக்கிறது, காவல் புகார் எண் என்ன என்பவை மட்டும். மன்னிப்புக் கேட்கவோ பொறுப்பேற்கவோ வேண்டாம். டி-ஷர்ட் கதையை நீங்களாகக் கிளப்ப வேண்டியதில்லை, கேட்டால் மறைக்காதீர்கள். முக்கியமாக, அவர்களுடைய ரசிகர் தளப் பட்டியலில் இன்னும் நிற்கும் அந்த இணைப்பை நீக்கச் சொல்லுங்கள். காலாவதியான பெயருக்கு ஏலத்தில் விலை கிடைப்பதே இப்படிப்பட்ட பழைய இணைப்புகளுக்காகத்தான்; நிறுவனமே கைகாட்டும் தளத்தைப் பையன்களும் நம்புகிறார்கள், தேடுபொறியும் நம்புகிறது. நிறுவனம் நினைத்தால் யுடிஆர்பிக்குப் போகும், அல்லது ஆள் தெரியாத எதிரிமேல் 'அசோக் குமார்' என்ற பெயரில் இந்திய உயர் நீதிமன்றம் ஒன்றில் தடையாணை கேட்கும். அது அவர்கள் செலவு, அவர்கள் முடிவு.

பழைய வாசகர் குழு வாட்ஸ்அப்பில் இன்னும் இருக்கிறது என்கிறீர்கள். அதில் இன்றே எழுதுங்கள்: "இந்த முகவரி 2024 முதல் எங்களிடம் இல்லை. அங்கே கடவுச்சொல்லோ பணமோ கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் 1930ஐ அழையுங்கள்." யார்மேல் சந்தேகம் என்று ஒரு பெயரும் எழுத வேண்டாம், தவறான ஆள்மேல் பழி சுமத்தி அவதூறு வழக்கில் போய் நிற்க வேண்டாம்.

85,000 ரூபாயும் நண்பரின் உதவியும்

பணம் கொடுக்காதீர்கள். கேட்பவர் உண்மையிலேயே டொமைனை வைத்திருப்பவர் என்பதற்கு அந்த மின்னஞ்சலில் ஓர் ஆதாரமும் இல்லை. உங்கள் பெயரைப் பக்கத்தில் பார்த்த மூன்றாவது ஆளாகவும் இருக்கலாம். உண்மையாகவே அவர்தான் என்றாலும், மோசடி நடந்துகொண்டிருக்கும் டொமைனை இன்று வாங்கினால், 'எனக்கு இதில் தொடர்பில்லை' என்ற உங்கள் நிலையை 85,000 ரூபாய் கொடுத்து நீங்களே கலைத்துக்கொள்கிறீர்கள். உங்கள் கணக்கிலிருந்து அவருக்குப் பணம் போன தடமும் பதிவில் ஏறிவிடும். அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல், தலைப்புத் தகவல்களோடு அப்படியே சேமித்துப் புகாரோடு இணையுங்கள். கும்பலை அடையாளம் காட்டும் நூல் அதில் இருக்கலாம்.

தளத்தை முடக்கித் தருவதாகச் சொல்லும் நண்பருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பிறர் கணினிக்குள் நுழைவதும், அதைச் செயலிழக்கச் செய்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 43இலும் 66இலும் வருகின்றன. மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். எதிராளி திருடன் என்பது அதற்கு விலக்கு ஆகாது. சர்வரில் உள்ள தடயமும் அதோடு அழியும்.

செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. மின்னஞ்சல் மீட்பு முகவரிகளையும் விளம்பரக் கணக்கையும் இன்றிரவே சரிசெய்யுங்கள், வாட்ஸ்அப் எச்சரிக்கையும் இன்றே போகட்டும். நாளை பெரியம்மாவின் வங்கி மனு, இரண்டு காவல் புகார்கள். புகார் எண் கையில் கிடைத்த பிறகு பதிவு நிறுவனத்துக்கும் விளையாட்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள். பதிப்புரிமை அறிவிப்பை இவற்றுக்குப் பின்னால் வையுங்கள். பக்கம் இறங்கிவிட்டால் ஆதாரமும் அதோடு இறங்கிவிடும், அதனால் காவல்துறை நகல் எடுத்துக்கொண்டார்களா என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். அவர்கள் தாமதப்படுத்தினால் அதற்காக வாரக் கணக்கில் காத்திராதீர்கள். உங்களிடம் தேதியோடு உள்ள நகல்களை வைத்துக்கொண்டு அனுப்பிவிடுங்கள், ஏனெனில் பக்கம் திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் இன்னொரு வீட்டுப் பையன் அதில் நுழையலாம்.